பதினேழு

பெரும்போகம் வெட்டி முடிகிற நேரத்தில்தான்
எங்களுக்குத் தபசுகாலம் வரும்.
இந்த வருசம் இறைச்சியை விட்டேன்,
வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி இருந்தேன்,
சிகரெட்டையும் விட்டேன், கொறற்றி நம்பவில்லை.
அதெல்லாம் இலேசு.
விட வேண்டியது எதுவென்று முதலே தெரிந்தால்
எதையும் விடலாம்.

என் தொழிலே சோதனை.
சவளக்கடை நெல் ஸ்டோரில், வாசலோடு ஒரு மேசை,
மேசையில் ஈரம் பார்க்கிற மிசின்.
மூட்டைக்குள் கம்பியைக் குத்தி, ஒரு பிடி எடுத்து
கிண்ணத்தில் கொட்டினால் இலக்கம் காட்டும்.
பதினாலுக்குள் நின்றால் அரச விலை.
தாண்டினால் ஏற்றியபடியே திரும்ப வேண்டும்.
திரும்புகிற நெல்லுக்காக
கிட்டங்கிக்கு அங்கால் ஒரு மில்
வாயைத் திறந்தபடி இருக்கிறது.

மில்லுக்கு ஆள் பிடிக்கும் நிமலராசா
கொம்போடு வரவில்லை.
"பிள்ளைக்குக் கண்ணாடி எடுத்தாச்சா?" என்று கேட்டபடி வந்தான்.
கரும்பலகை மங்கலாகத் தெரிகிறதென்று மகள் சொன்னது
இவனுக்கு எப்படித் தெரியும்?
பிஸ்கட் பெட்டிக்குள் ஓர் உறை.
"பொய் எழுதச் சொல்லல்ல அண்ணன்,
பத்து வண்டியில ரெண்டு வண்டிக்கு
கொஞ்சம் கூட்டி எழுதுங்க.
நெல்லென்ன எழும்பிப் பேசுமா?"

எண்ணக் கூடாது என்று நினைத்தேன்.
நாலு தரம் எண்ணினேன்.
அன்றிரவு பரலோக மந்திரத்தில்
சோதனை என்ற சொல் வருகிற இடத்தை
கொறற்றிக்குக் கேட்காதபடி முணுமுணுத்துக் கடந்தேன்.
ஆண்டவருக்கும் கேட்கக் கூடாது என்றுதான்.

மறுநாள் முதல் வண்டி கதிராமப்போடியாருடையது.
மிசின் பதின்மூன்று புள்ளி எட்டு என்றது.
என் பேனை பதினேழு என்றது.
அவர் துண்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார்,
ஒரு நெல்லைக் கடைவாயில் வைத்துக் கடித்தார்.
டக்.
காய்ந்த நெல் முறிகிற சத்தம்.
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
பிறகு என்ன நினைத்தாரோ,
"மிசின் பொய் சொல்லுமா மனே,
என்ர பல்லுத்தான் பழசாப் போச்சு" என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டாவது வண்டிக்குச் சரியாக எழுதினேன்.
மூன்றாவது வந்து நின்றபோது எழும்பிவிட்டேன்.
வண்டிக்காரன் "எங்க சேர்?" என்று கேட்டான்.
மோட்டார்சைக்கிளில் ஏறியபோதும்
எங்கே என்று எனக்கே தெரியாது.
கிட்டங்கித் தாம்போதியில் ட்ரக்டரைப் பிடித்தேன்.
இரண்டு பக்கமும் ஆற்றுவாழை,
சில்லுக்கடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
"பிழையாய்ப் பார்த்திட்டன்" என்றேன்.
அதுவும் பாதிப் பொய்.
பார்த்தது சரி, எழுதியதுதான் பிழை.

தாம்போதியில் வண்டி திருப்ப முடியாது.
அக்கரைக்குப் போய்
மில்லின் வாசலில்தான் திருப்பினோம்.
நிமலராசா அங்கே நின்றான்.

பெட்டியை அன்று பின்னேரமே கொடுத்தேன்.
பிஸ்கட்டில் மூன்றை மகள் தின்றிருந்தாள்,
அதன் காசையும் மேலே வைத்தேன்.
அவன் சிரித்தான்.
"இன்னும் மூணு கிழமை வெட்டு இருக்கு அண்ணன்."

ஞாயிறு, சொறிக்கல்முனைக் கோயிலில்
சுவாமி அப்பத்தை உயர்த்திப் பிட்டார்.
ஒலிவாங்கியில் அந்தச் சத்தம் பெரிதாய்க் கேட்டது.
டக்.
கொறற்றி முழங்கையால் இடித்தாள்.
நான் நன்மை வாங்க எழும்பவில்லை.
பூசை முடிந்து, பாவசங்கீர்த்தன வரிசையில்
ஐந்து பேருக்குப் பின்னால் நின்றேன்.
உள்ளே போனதும் முதலில் வாயில் வந்தது
ஓர் இலக்கம்.

இன்று திங்கள். எட்டரைக்கு வந்த வண்டிக்கு
மிசின் பதினேழு காட்டியது.
உண்மையான பதினேழு.
துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். பதினேழு.
மூட்டையைத் திறந்து ஒரு நெல்லைக் கடித்தேன்.
முறியவில்லை, மாவாய் நசிந்தது.
இருந்தும் பேனை நகர நேரமெடுத்தது.
எழுதிக் கொடுத்தேன்.
அந்த மனுசன் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பினான்.

கேற்றுக்கு வெளியே, மோட்டார்சைக்கிளில் சாய்ந்தபடி
நிமலராசா எனக்குக் கையாட்டினான்,
கூட்டாளிக்குக் காட்டுவது போல.