நான்கு விநாடி

சுவரொட்டியில் பறக்கும் தவளை இருக்கிறது.
குழந்தைகள் அதற்குத்தான் வருவார்கள்.
எனக்குக் கிடைத்தது வேறு:
ஒரு சிறுமி வாசற்படியில் உட்கார்ந்து
ரப்பர் பூட்ஸ் மாட்டுகிறாள்.
நான்கு விநாடி. நாற்பத்தெட்டுத் தாள்.

ஏழு முறை திருப்பி அனுப்பினார் குவாபரா.
ஓரத்தில் சிவப்புப் பென்சில்:
"இவளுக்குக் குளிரவே இல்லை."
"குதிகால் எங்கே சிக்குகிறது?"
ஆறாம் தடவை வெறும் கேள்விக்குறி.

நெரிமாவில் அன்றும் மழை.
கடைசி ரயிலை விட்டுவிட்டு
என் பூட்ஸைக் கழற்றினேன், மாட்டினேன்,
கழற்றினேன்.
ஈரக் காலுறை உள்ளே சுருண்டுகொண்டது.
அட, இதுதானா.
பெருவிரலை மடக்கி அதை நிமிர்த்தப் பார்க்கும்
அந்தச் சின்ன நெளிவை வரைந்து வைத்தேன்.
அவர் பாராட்டவெல்லாம் இல்லை.
தாள் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

படம் வந்த ஞாயிறு
செண்டாயில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேன்.
தவளைக்குச் சிரித்தார்கள், பலமாகவே.
பிறகு திரையில் மழை பிடித்தது.
சரியாக அப்போது
பக்கத்து இருக்கைப் பையன், "ம்மா, அவசரம்."
அவள் அவனை இழுத்துக்கொண்டு
மன்னிப்புக் கேட்டபடி, குனிந்தபடி,
என் மூன்று வாரத்தின் குறுக்கே ஓடினாள்.

அப்பா மட்டும் மிச்சம்.
வாய்க்குப் போன சோளப்பொரி
பாதி வழியில் நின்றது.
கீழே அவர் பாதம் அசைந்ததா,
நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியாது.

"என்னாச்சுப்பா?"
கை ஈரம் காயாமல் வந்து நின்றான் பையன்.
"ஒண்ணும் ஆகலை," என்றார் அவர்,
"பூட்ஸ் போட்டுக்கிட்டா."
ரகசியம் சொல்வதுபோல
அவன் காதருகே குனிந்து.