கதவு எண் நாற்பத்தொன்று

சுண்ணக்கட்டியால் எழுதுவோம்:
வீட்டு எண், தேதி, சொட்டு விழுந்த பிள்ளைகள்,
அடுத்த வீட்டைக் காட்ட ஓர் அம்பு.
கானோவின் வடக்கு விளிம்பில்
வரைபடம் மறந்த நூற்றுப் பத்தொன்பது கதவுகள்.
வரைபடம் நான்தான்.

நாற்பத்தொன்றில் பிள்ளைகளுக்கான இடம்
பதினோரு சுற்றும் வெறுமை.
தோல் வியாபாரி சாகிரு வாசலை அடைத்து நிற்பார்.
"காய்ச்சல் மாத்திரைக்கு நாங்கள் அலைகிறோம்,
கிடைப்பதில்லை.
இந்தச் சொட்டு மட்டும் வீடு தேடி வருதே, ஏன் டெலு?"
நியாயமான கேள்வி.
என்னிடம் இருந்தது ஐஸ் உருகும் நீலப் பெட்டி.
உள்ளே, கம்பு மூட்டைகளுக்குப் பின்னால்
ஒரு தும்மல் கேட்கும்.
கேட்காதது போல அம்பு போட்டுவிட்டு
நாற்பத்திரண்டுக்குப் போவேன்.
அங்கே இரட்டைப் பிள்ளைகள்.
ஒன்று விழுங்கும், ஒன்று துப்பும்.
துப்பியதற்கு மறுபடி இரண்டு சொட்டு.
நாற்பத்துமூன்றில் நாலு பேர், நாற்பதில் மூன்று,
சுண்டுவிரல் நகமெல்லாம் ஊதா மை.

பிறகு அந்த நோய் போனது.
ரேடியோவில் ஒரு நிமிடம் சொன்னார்கள்.
நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
படிக்காசு நின்றது.
சாக்கடை நீரைப் புட்டியில் அள்ளிப்போக
ஒரு பையன் மட்டும் மாதம் தவறாமல் வருகிறான்,
போனது போனதுதானா என்று பார்க்க.

நேற்று, மழை இரவில்,
யாரோ என் தகரக் கதவைத் தட்டினார்கள்.
எத்தனை ஆயிரம் தட்டியிருக்கிறேன்,
தட்டப்படுவது பழக்கமில்லை.
செல்போன் வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு பெண்,
பதினாறு இருக்கும்.
"நாற்பத்தொன்று" என்றாள்.
"அப்பாவுக்குக் கழுநீர் மாதிரிப் போகுது, நிற்கவே இல்லை.
உங்களைத்தான் கூப்பிடச் சொன்னார்."

நோட்டின் பின்னட்டையில் ஒரு நம்பர்,
கால் துவண்ட பிள்ளையைக் கண்டால் கூப்பிட என்று
அன்று எழுதியது.
கூப்பிட்டேன். அதே குரல், சற்றே கிழண்டு:
"எத்தனை கதவு, டெலு?"

கணுக்கால் தண்ணீரில் அவள் முன்னால் ஓடினாள்.
என் துணியெல்லாம் சேறு.
பெயர் லாமி என்று வழியில்தான் கேட்டேன்,
நோட்டில் அவள் இல்லை.
ஓடும் அந்தக் கால்களைப் பார்த்தபடி
மூச்சிரைக்கப் போனேன்.
ஒரு சொட்டும் குடிக்காத கால்கள்.
நாற்பதும் நாற்பத்திரண்டும் நாற்பத்துமூன்றும்
குடித்துக் குடித்து வழியை அடைத்துவிட்டார்கள்.
அவள் வாசலுக்கு வர
நோய்க்குச் சந்து கிடைக்கவில்லை.

சொல்லிவிடலாமா என்று நாக்கு வரை வந்தது.
சாகிரு முனகினார்.
உப்பும் சர்க்கரையும் கரைத்துக்
கரண்டி கரண்டியாக ஊற்றினேன்.
முதல் கரண்டியைத் துப்பினார்.
மறுபடி ஊற்றினேன்.

வண்டி வந்து ஏற்றிப்போன பிறகு
விடியலில் வெளியே வந்தேன்.
சுண்ணக்கட்டி இல்லை.
அடுப்புக்கரியால் கதவில் எழுதினேன்:
41. தேதி. ஒருவர்.
அம்பை எந்தப் பக்கம் போடுவது?
கரி பிடித்த கையோடு
தெருமுனைக் கிணற்றைப் பார்த்து
நின்றுகொண்டிருந்தேன்.