எட்டு நட்சத்திரம்

காவல்கிணற்றுக்குத் தெற்கே
நானூற்றுப் பன்னிரண்டு காற்றாலைகள் சொல்வதையெல்லாம்
ஒரு மென்பொருள் ராப்பகலாக எழுதிக்கொண்டிருக்கும்.
இறக்கை நின்றது. எண்ணெய் சூடு. பல்சக்கரத்தில் முனகல்.
அதைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆனிக் கடைசி. சாரலை மலையில் விட்டுவிட்டு
காற்று மட்டும் இறங்கிவந்த ராத்திரி.
நூற்றெழுபதாம் எண் ஏன் மூன்று தடவை அணைந்து எரிந்தது என்று
வரி வரியாக மேலே ஏறிப் போனேன்.
இரண்டு மணி பதினாலு நிமிஷம்:
தரவுத்தளத்தோடு இணைந்தேன் என்று எழுதிய கையோடு
எந்தப் பாஸ்வேர்டால் இணைந்தேன் என்பதையும்
பச்சையாக எழுதிவைத்திருந்தது.

வருகிறவன் போகிறவனைக் குறித்துவை என்றால்
சாவி எந்த ஓட்டுக்கடியில் இருக்கிறது என்பதையும்
நோட்டில் குறிக்கிற வாட்ச்மேன்.
அவனை எந்த வாயால் திட்ட?
ஒன்று விடாமல் எழுது என்று சித்திரையில் சொன்னதே நான்.
ஏதோ ஒரு பிழையைப் பிடிக்கத் திறந்துவிட்டு
மூட மறந்து
ஈஸ்டருக்கு வடக்கன்குளம் போய்விட்டேன்.

எண்பத்தொரு நாள்.
தினமும் காலை ஆறு மணிக்கு
அந்தப் பதிவு ஒன்பது பேருக்கு மெயிலில் போகிறது.
இரண்டு பேர் வேலையை விட்டுப் போனவர்கள்.
ஒருவர் சென்னை கான்ட்ராக்டர், முகம் பார்த்ததில்லை.
ஒருவர் செய்யது சார்; வந்த மெயிலைத் திறக்கும் பழக்கம் இல்லாதவர்.
அதற்காக முதன்முறையாக அவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன்.
இதுவும் ஒரு பதிவுதானே, எத்தனை கைக்குப் போகுமோ.

ஒரு பெண் பெயர், ஒரு வருஷம்.
பாருங்கள், இவ்வளவு சொன்னதே அதிகம்.

ஃபிளாஸ்க்கோடு வந்த இசக்கித்துரை எட்டிப் பார்த்தான்.
“யக்கா, மாசானண்ணன் வச்சதுதான இது?
அவ்வொ வீட்டுக்காரி பேரு இது இல்லையே.”
திரையைச் சட்டென மறைத்தேன்.
“லே, நீ பாக்கல.”
“பாக்கல,” என்றான்.
கண்ணிலிருந்து அழிக்க ஒரு கட்டளையும் கிடையாது.

முதலில் பூட்டை மாற்ற வேண்டும். துடைப்பது பிறகு.
பதறிப்போய் முதலிலேயே துடைத்தால்
வந்துபோனவனின் காலடியும் சேர்ந்து போய்விடும்.
எண்பத்தொரு நாளையும் சலித்தேன்.
எல்லாம் தெரிந்த முகவரிகள்,
வைகாசி ஒன்பதாம் தேதிப் பின்னிரவைத் தவிர.
கடல் தாண்டிய எண். உள்ளே வந்து
எதையும் தொடாமல், எதையும் எடுக்காமல்
நாலு நிமிஷம் நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

மஸ்கட்டுக்கு அடித்தேன்.
அங்கேயும் அவருக்கு நைட் ஷிப்ட்தான் போல.
விஷயத்தைச் சொன்னதும் லைனில் கொஞ்ச நேரம்
அங்குள்ள ஏசியின் இரைச்சல் மட்டும்.
“அது நாந்தான், ஜெனோவா.
மெயில்ல அந்தப் பேரைப் பாத்தேன்.
இன்னும் திறக்குதான்னு பாத்தேன்.”
பிறகு, “மாத்தியாச்சா?”
“மாத்தியாச்சு அண்ணே.”
“செரி. நல்லது,” என்றார்.
நல்லது என்ற சொல்லை
அவ்வளவு மெதுவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

புதுச் சாவியை எந்திரமே உண்டாக்கியது.
முப்பத்திரண்டு எழுத்து. யார் பெயரும் இல்லை,
எவரும் பிறந்த வருஷம் இல்லை.
இனிப் பதிவில் அந்த இடத்தில் நட்சத்திரம் விழும்;
நீளம்கூடத் துப்புக் கொடுக்கும் என்பதால்
எத்தனை எழுத்தானாலும் எட்டே எட்டு.

அறிக்கையில், கசிவுக்குக் காரணம்: என் பெயர்.
அனுமதியின்றி நுழைந்தவர்: மாசானம், முன்னாள் ஊழியர்.
எழுதாமல் இருக்க முடியாது, எழுதினேன்.
நோக்கம் என்ற கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டியதில்லை.
விட்டுவிட்டேன்.

ஆறு மணிக்கு மெயில் போனது. ஏழு பேருக்கு.
ஜன்னலுக்கு வெளியே பழவூர்ப் பக்கம் வெளுத்துக்கொண்டு வர
இறக்கைகள் ஒன்றையொன்று பார்க்காமல் சுற்றின.
நூற்றெழுபதாம் எண்
ஏன் மூன்று தடவை அணைந்து எரிந்தது என்று
இன்னும் தெரியவில்லை.