பாளை

ரெட்லாண்டில் மண் என்று ஒன்று கிடையாது.
கடல் விட்டுப்போன சுண்ணாம்புப் பாறைதான்.
கடப்பாரையால் மூன்று நாள் தட்டி
ஒரு வாளி ஆழத்துக்குக் குழி எடுத்தேன்.
கன்றில் அப்போது இரண்டே ஓலை.
விற்றவர் சொன்னார்:
தாய்லாந்துக் காட்டு விசிறிப்பனை,
நிழல் கேட்கும்,
காற்றை மன்னிக்காது,
ஆணா பெண்ணா என்பது
பாளை விடும்வரை அதற்கே தெரியாது.

நான் ஃப்ளோரிடாவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
காத்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்.
ஷூ நாடா கட்டாத பிள்ளை
படியிறங்கி வரும்வரை
பின்னால் இருபது கார் ஹாரன் அடித்தாலும்
பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டேன்.
ஆண்டுக்கு மூன்று ஓலை தந்தது பனை.
சரி, மெதுவாகவே வா.

ஒரு ஜனவரியில்
மரத்து இகுவானாக்கள் விறைத்துப்போய்
பொத்துப் பொத்தென்று விழுந்த இரவு,
என் கம்பளியை அதற்குப் போர்த்தி
உள்ளே அறுபது வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு
கோட்டைக் கழற்றாமல் படுத்தேன்.
ஜன்னல் வழியே பார்த்தால்
யாரோ கூடாரமடித்து
விடிய விடியப் புத்தகம் படிப்பதுபோல் இருந்தது.

பிறகு அந்தப் புயல்.
அதன் பெயரைச் சொல்லமாட்டேன்,
பெயர் வைத்துக் கூப்பிடும் லட்சணமா அதற்கு?
என் அவகாடோ மரத்தை
வேரோடு வேலிமேல் சாய்த்தது.
நிழல் போனது, வேலி போனது,
வேலிக்குப் பணம் யார் தருவது என்பதில்
பக்கத்து வீட்டு வெண்டல் ஹேகுடோடு
பேச்சும் போனது.
ஒன்பது வருஷம்.
வெயிலில் பொசுங்கிய ஓலைகளுக்குக்
கடற்கரைக் குடை பிடித்து நிறுத்தினேன்.
காற்று தூக்கும்போது மட்டும்
அடிப்பக்கம் தெரியும்:
சுண்ணாம்பு அடித்ததுபோல் அத்தனை வெள்ளை.
பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

பத்தொன்பதாம் வருஷம்
மட்டைகளுக்கு நடுவே பாளை வெடித்தது.
தொட்டேன், விரலில் மஞ்சள் பொடி.
ஆண்.
அன்று நான் சமைக்கவில்லை.

வெண்டலிடமும் ஒன்று நின்றது.
அதே வியாபாரியிடம்
அதே சனிக்கிழமை வாங்கியது.
மூன்று வருஷமாகப் பாளை விடுகிறது,
பிஞ்சு பிடிக்காமல் கருகுகிறது,
அவர் அதைப் பெருக்கித் தள்ளுகிறார்.
இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால்
வேலி இல்லையே.

காலி மாத்திரைப் புட்டியில் பொடியைத் தட்டி
ஃபிரிட்ஜில் கறுப்பு பீன்ஸ் பக்கத்தில் வைத்தேன்.
அவருடைய மரம் அடுத்த பாளை திறக்கப்
பதினேழு நாளானது.
பேருந்து எடுக்கும் நேரத்துக்கு, இருட்டில்,
போய்க் கதவைத் தட்டினேன்.
அரை முகம் சோப்பு நுரையோடு திறந்தார்.
புட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"ஒந்தினா, ஆணா?"
"ஆண்."
உள்ளே போய்ச் சவரப் பிரஷைக் கழுவி
ஹேர் டிரையரில் உலர்த்திக்கொண்டு வந்தார்.
பாதி மழித்த முகத்தோடு
டார்ச் பிடித்தார், நான் தடவினேன்.
வேலிக்காசு பற்றி
இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

பதினொரு பழம் நின்றது,
ஆரஞ்சு நிறம், பிள்ளைகளின் கோலிக்குண்டு போல.
ஐந்தை என் கையில் வைத்தார்.
ஆறாவதும் அவருக்கே. பிரஷ் அவருடையதாம்.

போகட்டும்.
ஜனவரி வரட்டும்.
அறுபது வாட் பல்பு
யாரிடம் இருக்கிறது என்று
அவரே கேட்டுக்கொண்டு வருவார்.