இருபத்திரண்டு அடி

குழாய் கொழும்பிலிருந்து லொறியில் வந்தது,
மூன்று துண்டாய், ஆறங்குல வாயோடு.
மா மூட்டை இறக்குகிற பெடியன்களே இறக்கினார்கள்.
"அக்கா, ரொக்கெற்றோ?" என்றான் கோபு.
நெல்லியடிச் சந்தைக்குப் போனவர்களெல்லாம்
ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பேக்கரியை வாங்கும்போது
மாக்குழைக்கிற தொட்டியைப் பார்த்தேன்,
உறுதியை இரண்டுதரம் பார்த்தேன்,
போறணையின் வாய்க்குள் தலையை விட்டும் பார்த்தேன்.
அண்ணாந்து பார்க்கவில்லை.

போன கார்த்திகையில்
புகைபோக்கிக்குள் படிந்திருந்த கீல் பற்றிக்கொண்டது.
ஒரு உறுமல். மேலே, மிகக் கிட்ட.
நாங்கள் நாலு பேரும் ஏனென்று யோசிக்காமல்
பாண் தட்டுகளுக்கிடையில் குப்புறப் படுத்திருந்தோம்.
எழும்பியபோது ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
அதன் பிறகுதான் இந்தக் குழாய்.

பக்கத்துத் தையல்கடைத் தில்லையண்ணை
அதற்கு முன்பே நாலு கடிதம் எழுதியிருந்தார்,
பிரதேச சபைக்கு ஒன்று, பீ.எச்.ஐ.க்கு மூன்று.
எழுத்து ஓரம் அடித்ததுபோல நேர்.
வெள்ளைத் துணி மஞ்சளாகிறதாம்.
இரவில் இருமலாம்.
புகை கிழக்கே போகுது, உங்கட கடை மேற்கே, என்றேன்.
சந்தி முழுக்கக் கேட்கத்தான் சொன்னேன்.
பீ.எச்.ஐ. வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.
கிழக்கேதான் போனது.

கிளாரன்ஸ் பருத்தித்துறை முனையிலிருந்து வந்தவன்,
படகு எஞ்சினுக்கும் ஒட்டுவான், படலைக்கும் ஒட்டுவான்.
கூரையில் அவன்.
கீழே நான், ஆறின போறணைக்குள் இடுப்புவரை,
வருகிற குழாயைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டியபடி.
ஒன்பதாம் அடியில் இறுகிவிட்டது.
திருப்பினான், எண்ணெய் விட்டான்,
மாதாவைக் கூப்பிட்டான், பிறகு வேறு சொற்கள்.
கரி என் கண்ணுக்குள் கொட்டியது.

இழுத்து வெளியே எடுத்துவிட்டு
போனில் லைற்றைப் போட்டு, வீடியோவைப் போட்டு,
தங்கூசியில் கட்டி உள்ளே இறக்கினான்,
மீன் இருக்குதோ என்று பார்க்கிறமாதிரி.

மா மூட்டைகளில் இருந்து பார்த்தோம்.
கரி. கரி. செங்கல்லின் ஒரு மூலை.
கொத்தன் வழிக்காமல் விட்ட சாந்துத் திரள்.
அதற்குக் கீழே, கை நுழைகிற அளவில்,
மேற்குச் சுவரில் ஒரு வெடிப்பு.
போன் மெல்லச் சுழன்று அதன் முன்னால் நின்றது.
சத்தமும் பதிவாகியிருந்தது:
கடகடவென்று ஒரு தையல் மெசின்,
நிற்கிறது,
ஒரு இருமல்,
மறுபடி மெசின்.

கிளாரன்ஸ் சத்தத்தைக் குறைத்தான்.

பின்னேரம் அலவாங்கைக் கயிற்றில் கட்டி
சாந்துத் திரளை இடித்து விழுத்தினோம்.
குழாய் இறங்கியது.
என் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தபோது
வெயிலில் கிடந்த அதன் சூடு இன்னும் இருந்தது.

"சுற்றிவர உமிச்சாம்பல் நிரப்பவேணும்," என்றான்,
"இல்லாட்டிக் குழாய் குளிரும், கீல் திரும்பப் படியும்."
கொடிகாம மில்லில் ஆறு மூட்டை எடுத்து வைத்திருந்தேன்.
நிரப்பினால் வெடிப்பால் அந்தப் பக்கம் கொட்டும்.
முதலில் அங்கே போய் அடைக்கவேணும்.
அங்கே போய்,
என்னவென்று சொல்லி?
"பிறகு பார்ப்பம்," என்றேன்.
அவன் காசை எண்ணாமல் பொக்கற்றில் வைத்தான்.

இப்போது தில்லையண்ணையின் கடை வாசலில்
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் தொங்குகின்றன.
நேற்று ஒரு றாத்தல் பாணுக்கு வந்தார்,
ஐந்து வருடத்தில் முதல் தரம்.
"புகை இல்லை இப்ப," என்றார்,
"காத்து மாறீட்டுதுபோல."
"ஓம் அண்ணை," என்றேன், "காத்துத்தான்."
மிச்சக் காசு கொடுத்தேன். சரியாக இருந்தது.

வீடியோ போனில் இருக்கிறது.
ஆறு மூட்டையும் பின்சுவரோடு, படங்கால் மூடி.
மாரிக்கு இன்னும் ஏழு கிழமை.