முந்தும் விரல்

ட்ரோம்சோவில் கப்பல் நான்கு மணி நேரம் நிற்கும்.
அதில் முக்கால் மணி போர்வைகளுக்குப் போனது.
மிச்சத்தில்
சலவை அறையிலிருந்து ஈரம் காயாத கையோடு
கடைக்குள் நுழைந்தேன்.

பழையதை மேசைமேல் வைத்தேன்.
மூலையில் விரிசல், அதன்மேல் நகப்பூச்சு.
முப்பத்திரண்டு ஜிபி. ஆறு வருடம்.
ஒன்றைப் பதிய ஒன்றை அழிக்க வேண்டும்:
லோஃபோடனில் பதிந்த நங்கூரச் சங்கிலியை
ஒரு டிரம்முக்காக அழித்தேன்,
அந்த டிரம்மை இன்னொன்றுக்காக.
நான்காவது டிராக்கைத் திறந்தால்
சோற்றில் கல் கடிபட்டது போல ஒலி நொறுங்கும்.
"இதற்கு இனி அப்டேட் கிடையாது" என்றான் எய்விண்ட்,
சாவு வீட்டில் பேசும் குரலில்.
லேப்டாப் பார்க்கலாமே என்றான்.
எங்கே வைப்பது என்றேன்.
கப்பலில் என் பெயருக்கு மேசை இல்லை.

பெரியது அழகாகத்தான் இருந்தது.
பதின்மூன்று அங்குலம்.
எனக்கு மேலடுக்குப் படுக்கை;
மூக்குக்கும் கூரைக்கும் நடுவே ஒன்றரை முழம்.
படுத்தபடி மார்பில் நிறுத்தினால்
என் கல்லறைக் கல் அதுதான்.
சிறியது கோட்டுப்பைக்குள் போகும்.
ஆனால் அதன் பியானோக் கட்டைகள்
நீராவியில் ஊறிய என் விரலுக்கு
ஒரு தட்டில் இரண்டு சுரம் தந்தன.
இரண்டாவதை நான் கேட்கவில்லை.

ஹெட்போன் துளை எங்கே?
இல்லை.
சார்ஜ் ஏற்றவும் பாட்டுக் கேட்கவும் ஒரே வாய்.
தின்னும்போது பேசாதே என்று
யாரோ அதட்டி வளர்த்திருக்கிறார்கள்.
ப்ளூடூத் இருக்கிறதே என்றான்.
தம்பி, நான் தட்டியது என் காதுக்கு வருவதற்குள்
கப்பல் அடுத்த துறைக்குப் போய்விடும்.

சிரித்துவிட்டான். அவனும் வாசிப்பவன் போல.
உள்ளே போய்
போன வருட மாடல் ஒன்றை எடுத்து வந்தான்.
நடு அளவு. இடம் தாராளம்.
பெட்டி நசுங்கியதால் ஆயிரத்து இருநூறு குரோனர் குறைவு.
அடாப்டர் ஒன்று சேர்த்து வாங்கினேன்,
தொலைப்பதற்கென்று இன்னொன்றும்.

அன்றிரவு எந்திரங்கள் சுழலச் சுழல
பன்னிரண்டு டிராக் திறந்தேன்.
ஒரு கல்லும் இல்லை.
வாசித்ததை போடோவுக்கு, சூல்ஃப்ரிட்டுக்கு அனுப்பினேன்.
பேஸ் கிடார்க்காரி. சொல்லில் சிக்கனம்.
"ஓடுகிறாய், தோருன்."
அவ்வளவுதான் பதில்.

மெட்ரோனோம் வைத்துப் பார்த்தேன்.
ஒவ்வொரு தட்டும்
மயிரிழை முன்னால்.

பழையது யோசித்துத்தான் பேசும்.
தொட்டதற்கும் ஒலித்ததற்கும் இடையே
சின்னதாய் ஒரு பள்ளம்.
நான் கவனித்ததே இல்லை.
விரல் கவனித்திருக்கிறது.
ஒலி போய்ச் சேரும் நேரம் கணக்கிட்டு
ஆறு வருடமாய்
முன்கூட்டியே வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறது.
இப்போது வாசலைத் தாண்டினாலே ஊர்.
அது மட்டும் பழைய நேரத்துக்கே கிளம்புகிறது,
விடுமுறையை மறந்து
இருட்டில் பூட்ஸ் மாட்டுகிறவன் போல.

செட்டிங்கில் பஃபர் என்றொரு எண்.
கூட்டினால் புத்தம்புதியதும் தயங்கும்.
ஆயிரத்து இருபத்து நான்கில் வைத்தேன்.
காசு கொடுத்து வாங்கிய வேகத்தை
நானே காலைக் கட்டிப் போட்டேன்.
தாளம் வந்து ஒட்டிக்கொண்டது.
எய்விண்டிடம் இதைச் சொல்ல மாட்டேன்.

கப்பல் ஒரு சுற்று முடித்துத் திரும்பும்போதெல்லாம்
எண்ணைப் பாதியாக்குகிறேன்.
இந்தச் சுற்று ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
ஹாமர்ஃபெஸ்ட் தாண்டிக் கடல் கொஞ்சம் முரடு.
மடித்த துண்டுகளின்மேல் சாய்த்து வைத்து வாசிக்கிறேன்.
இன்னும் முந்துகிறேன்.
முன்பளவு இல்லை.
மூன்றாம் எந்திரத்தில் சமையல்காரர்களின் மேலங்கிகள்;
நிற்க இன்னும் ஒன்பது நிமிடம்.