தொட்டி அவன் பக்கம்

வீட்டைப் பிரித்தபோது
அடுப்பு எனக்கு வந்தது, தொட்டி அவனுக்குப் போனது.
நடுவே ஒரு பிளைவுட் சுவர்.
அதில் மூன்று துளை:
சூடாகப் போகும் குழாய்க்கு ஒன்று,
ஆறித் திரும்பும் குழாய்க்கு ஒன்று,
நான் குளிக்கும் தண்ணீருக்கு ஒன்று.
கொயாய்க்கேயில் ஜூலை மாதம்
ஜன்னல் விளிம்புவரை பனி நிற்கும்.
அதற்குமேல் பிரிய
எங்களுக்கு வசதியில்லை.

விறகு நான்தான் வாங்குகிறேன்.
லெங்கா கட்டை, ஈரம் போகாதது, எரிவதைவிடப் புகைவது அதிகம்.
விடிந்ததிலிருந்து போட்டாலும்
என் குழாயில் வருவது
யாரோ குடித்து மீதம் வைத்த தேநீர்.
எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள்.
இங்கே எரிந்தது எரிந்தபடி இருக்க
கொதிப்பு எனக்கு மட்டும்.

"உன் அடுப்பு சரியில்லை" என்பான் ரூபெலிந்தோ, சுவர் வழியாக.
"உன் தொட்டி உதவாது" என்பேன்.
பதினொரு மாதப் பேச்சு இவ்வளவுதான்.
கூடவே மின்கட்டணம்.

ஒரு ஞாயிறு, டார்ச்சை எடுத்துக்கொண்டு
தெருவைச் சுற்றி அவன் வாசலுக்குப் போனேன்.
வெறுங்காலுடன் கதவைத் திறந்தான்.
தொட்டியைச் சுற்றிய செம்புக் குழாயில்
நான்கு ஜோடி காலுறை காய்ந்துகொண்டிருந்தது.
அறை கதகதவென்று இருந்தது.
என் விறகு!

சண்டைக்குத்தான் வாயைத் திறந்தேன்.
டார்ச் வெளிச்சம் குழாய்க்குப் பின்னால் நுழைந்து
அந்தப் பக்கமாக வெளியே வந்தது.

உருண்டைத் தொட்டி. உருண்டைக் குழாய்.
இரண்டும் சேருவது ஒரே ஒரு கோட்டில்,
நூல் அகலம்கூட இல்லை.
மற்றதெல்லாம் காற்று.
மாத்தே பொட்டலத்தின் தாளைக் கிழித்து இடுக்கில் விட்டேன்,
கேட்பாரில்லாமல் போனது.
பட்டும் படாமலும் பதினெட்டுச் சுற்று.
"எவன் சுற்றியது இதை?"
"நாம்தான். நீ பிடித்துக்கொண்டாய்."

கல்யாணமான இரண்டாம் வருடம்.
அவசரம். வேறு ஏதோ சிரிப்பு.
அன்று அதற்குமேல் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை கழற்றினோம்.
குழாய்க்குள் ஆற்றுமணலை நிரப்பி
இரு முனையும் அடைத்து
(மணல் இல்லாமல் அடித்தால் ஒரேயடியாக நசுங்கிவிடும்)
மரச்சுத்தியலால் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கினோம்,
அவன் திருப்ப, நான் அடிக்க.
நான் கொஞ்சம் அதிகமாகவே அடித்தேன்.
மணலைக் கொட்டிக் கழுவி
இம்முறை தொட்டியின் கீழ்ப்பாதியில் சுற்றினோம்.
குளிர்ந்த நீர் குந்தியிருப்பது அங்கேதான்.
மீன் பண்ணையில் வெல்டிங் பார்க்கும் செனோபியா கர்காமோ
ஒரு டப்பா சாம்பல்நிறப் பசை தந்திருந்தாள்,
"காற்றுக்கு இடம் கொடுத்தால் என்னைக் கூப்பிடாதே" என்று.
இடுக்கெல்லாம் அப்பி, இரும்புப் பட்டையால் இறுக்கி
மேலே ஆட்டு ரோமம், அதன்மேல் பழைய கூடாரத் துணி.

"என் காலுறை?" என்றான்.
"விறகு வாங்கு" என்றேன்.

வெப்பமானி அவன் பக்கம் இருக்கிறது.
பத்து டிகிரிக்கு ஒரு தட்டு என்று ஒப்பந்தம்.
அரைக்கு நகத்தால் ஒரு சுரண்டல்.
தண்ணீர் விட்டதும் குழாய் இரண்டு முறை ஏப்பம் விட்டது,
பிறகு வாயடைத்துப் போனது.
ஏழு மணிக்கு இரண்டு தட்டு.
எட்டுக்கு மூன்று, ஒரு சுரண்டல்.
இதுவரைக்கும் பழைய கதைதான்.
எட்டரைக்கு நான்கு.
ஒன்பதேகாலுக்கு, நான் கட்டை எடுக்கக் குனிந்தபோது,
ஐந்து.
கொஞ்சம் பொறுத்து
ஆறாவது, மெதுவாக,
தட்டினவனுக்கே நம்பிக்கை இல்லாததுபோல.

கட்டையைத் திரும்ப அடுக்கில் வைத்தேன்.
பிறகு நானும் ஒருமுறை தட்டினேன்.
அதற்கு எத்தனை டிகிரி என்று
ஒப்பந்தத்தில் இல்லை.